கஸில்தாவின் கடைசி அத்தியாயம்

நியுர்க்கா கடைசி அத்தியாயத்தை முன்கூட்டியே படித்தது தப்புதான். அதை அவளே ஒத்துக்கொள்வாள். சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்குப் புத்தகம் வாசித்துக்காட்டுகிறவள் கேட்கிறவர்களோடு சேர்ந்தே கதைக்குள் நடக்க வேண்டும், அவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். மேடையில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து அதை அவள் மீறியதில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம் துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு, கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, புத்தகத்தைக் கடைசியில் திறந்தாள். கதாநாயகி கஸில்தா புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறாள்.

எந்தக் காலத்துக் கஸில்தாவோ எங்கே போனால் இவளுக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்து அறையில் இவள் தங்கை யனெலிஸ் குழந்தையைத் தூங்கப் பண்ணிக்கொண்டிருந்தாள். யனெலிஸும் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள்தான். கஸில்தா ஒரு பெட்டியோடு வந்தாள், இவள் பெட்டிகூட இல்லாமல் வந்தாள். வந்து மூன்று மாதம் ஆகியும் திரும்பிப் போவாளா மாட்டாளா என்று நியுர்க்காவுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

ஹவானாவுக்கு மேற்கே, பினார் தெல் ரியோ பக்கம் எங்கள் ஊரில் நியுர்க்காவைத் தெரியாதவர் இல்லை. முகத்தைவிடக் குரலைத் தெரிந்தவர்கள் அதிகம். முன்பு ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். தொழிற்சாலையின் பழைய வாசிப்பாளர் ஓய்வு பெற்றபோது மனுப் போட்ட நாலைந்து பேரையும் மேடையில் ஏற்றிப் படிக்கச் சொன்னார்கள். தேர்ந்தெடுக்கிற வேலை எங்கள் வழக்கப்படி மேலதிகாரிகளுடையதல்ல, சுருட்டுச் சுற்றுகிறவர்களுடையது. நியுர்க்கா படித்து முடித்ததும் கூடம் முழுக்க டக் டக்கென்று பலகையில் கத்தியால் தட்டினார்கள். இலை வெட்டுகிற அந்தப் பிறைக்கத்தியைப் பலகையில் தட்டினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தரையில் போட்டால் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து காலையில் செய்தித்தாளும் பேஸ்பால் விவரமும், காபிக்குப் பிறகு நாவலும் படிப்பது அவள் வேலை. ஒரு நாள்கூட அவளுக்காகக் கத்தி தரையில் விழுந்ததில்லை.

அம்மா இறந்துபோனபோது யனெலிஸுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசு. நியுர்க்காவுக்குக் கல்யாண வயசு. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள், அப்புறம் அது தானாகவே தள்ளிப்போய்விட்டது. தங்கைக்கு என்ன செருப்பு, எந்தப் பக்கம் வகிடு, யாரோடு சேரலாம், யாரோடு கூடாது எல்லாம் இவள்தான் முடிவு செய்வாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேறு யார் செய்வது? பழகிப்போன கை நிற்கவில்லை, அவ்வளவுதான். யனெலிஸுக்கு மாப்பிள்ளையும் அவளேதான் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். புகையிலை லாரி ஓட்டுகிற ரெய்னியேர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவருவான், அக்கா அக்கா என்று அழைப்பான். நல்ல பையன் என்று முதலில் வாயைத் திறந்தவள் நியுர்க்கா.

நல்ல பையன் கல்யாணத்துக்கு அப்புறம் வேறு பையனாகிவிட்டான். அவள் வேலைக்குப் போகக் கூடாது, பக்கத்து வீட்டில் நின்று பேசக் கூடாது, சாயங்காலம் கதவு உள்ளேயிருந்து பூட்டியிருக்க வேண்டும். யனெலிஸ் தொழிற்சாலையில் சுருட்டுச் சுற்றுகிற வேலையை விடமாட்டேன் என்றபோது ஒரு மழைநாளில் அவள் வலது கையை முறுக்கினான். மணிக்கட்டு வீங்கி, வாரக்கணக்கில் ஒரு சுருட்டுக்கூட அவளால் சுற்ற முடியவில்லை. குழந்தையை இடது கையில் தூக்கிக்கொண்டு நனைந்தபடி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். இப்போது கை சரியாகி வேலைக்கும் வந்துவிட்டாள். ரெய்னியேர் மத்தியான இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் வந்து நிற்பான், மன்னிப்புக் கேட்பான், அதே ஆரஞ்சுப் பையை நீட்டுவான். யனெலிஸ் அதை வாங்கவும் மாட்டாள், விசிறி அடிக்கவும் மாட்டாள். மதிலின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள். நியுர்க்கா அந்த மதிலையே பார்த்துக்கொண்டிருப்பாள். தங்கையின் மனசில் என்ன இருக்கிறது? கேட்டால் மனசை மாற்றிக்கொண்டுவிடுவாளோ என்று கேட்கவும் பயம்.

நாவலைத் தேர்ந்தெடுத்ததும் வாக்கெடுப்பில்தான். ஸ்பெயின்காரர்கள் ஆண்ட காலத்துப் பழைய புத்தகம். முன்பக்கத்தில் எழுதியவரின் படம், முறுக்கிய மீசையும் இறுக்கிய கழுத்துப்பட்டியுமாக. பெண்டாட்டிக்குப் புத்தி சொல்லவே பிறந்த முகம் என்று படத்தைக் காட்டியதுமே ஒர்தென்சியா சொல்லிவிட்டாள். ஒர்தென்சியா கூடத்தில் சுருட்டுச் சுற்றுகிறவர்களில் மூத்தவள். மூன்று புருஷன்களைப் பார்த்தவள், மூன்று பேரைப் பற்றியும் மரியாதை இல்லாமல் பேசுவாள். கஸில்தா ஒரு சர்க்கரை ஆலைக்காரனின் மனைவி. ஊர் மெச்சும் குடும்பப் பெண். புருஷன் அவள் நகையை விற்று வேறொருத்தியை வைத்துக்கொண்டிருப்பது தெரிந்ததும் விடியற்காலையில் வீட்டைவிட்டு வெளியேறி ஹவானாவுக்குப் போய், பெண் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்துப் பிழைக்கிறாள். மீசைக்காரருக்கு இது பிடிக்கவில்லை, பக்கத்துக்குப் பக்கம் பெண்ணின் கடமை என்று உபதேசம் பண்ணுகிறார். ஆனாலும் மனுஷனுக்கு எழுதத் தெரியும். உபதேசம் வரும்போது கூடம் கிண்டல் பண்ணும், கஸில்தா வரும்போது கப்சிப் என்றாகிவிடும். அவள் முதல் சம்பளத்தில் தனக்கென்று ஒரு விளக்கு வாங்கிய இடத்தில் கத்தித் தட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒர்தென்சியா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், உன் ஆளு வாசலில் காய்கிறானே, என்னதான் பண்ணப்போகிறாய் என்று யனெலிஸிடம் கேட்டுவிட்டாள். யனெலிஸ் சோற்றில் கறுப்பு அவரையைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

“கஸில்தா என்ன பண்றான்னு பாப்போம். அப்புறம் சொல்றேன்.”

மேசையே சிரித்தது. நியுர்க்கா மட்டும் சிரிக்கவில்லை. தங்கை வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று பத்து தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள், பத்து தடவையும் நம்பவில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை சட்டத்தை மீறினாள். மீறிப் பார்த்தால், ஆலைக்காரனுக்குக் காய்ச்சல் வருகிறது. சேதி கேட்டதும் கஸில்தா விளக்கை விற்று வண்டிக்குக் கொடுத்துவிட்டு ஓடுகிறாள். கட்டிலருகே மண்டியிட்டு, தலை குனிந்து, தன் ஆணவத்தை மன்னிக்கும்படி கேட்கிறாள். அவன் மன்னிக்கிறான். அவன்தான் மன்னிக்கிறான், கேட்டீர்களா? நியுர்க்காவுக்கு அந்தப் புத்தகத்தை அடுப்பில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அடுத்து வந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். செய்தித்தாளில் யாரும் சீண்டாத மூலைச் செய்திகளை எல்லாம் படித்தாள். பேஸ்பால் தோல்விக்கு யார் காரணம் என்று வாசகர் கருத்தை இரண்டு முறை படித்தாள். தொண்டை வலி என்று சொல்லி ஒருநாள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். கூடம் பொறுமை இழந்தது. பாதிக் கதையில் புத்தகத்தை நிறுத்துவதென்றால் வாக்கெடுப்பு வேண்டும், யாரும் நிறுத்த ஒப்பமாட்டார்கள். வீட்டில் யனெலிஸ் பாட்டு முணுமுணுத்தாலும் பயம், பேசாமல் இருந்தாலும் பயம். குழந்தையின் துணிகளை அவள் மடித்து அடுக்குவதைப் பார்த்தபோது பயணத்துக்கு அடுக்குகிறாளோ என்று நியுர்க்காவுக்குக் கை கால் ஓடவில்லை. வெறுமனே துணிதான் மடித்தாள். அன்றைக்கு நியுர்க்கா முடிவு செய்துவிட்டாள். கஸில்தாவை அந்த வீட்டுக்கு அனுப்பப்போவதில்லை.

கடைசி நாள் வந்தது. காபி முடிந்து எல்லாரும் பலகைக்கு வந்ததும் நியுர்க்கா மைக்கைச் சரி செய்துகொண்டாள். முதல் பக்கம் உள்ளபடியே படித்தாள், ஆலைக்காரனுக்குக் காய்ச்சல் வருகிறவரை. அதற்கப்புறம் கண் எழுத்தின் மேல் இருந்தது, வாய் வேறு வழியில் போனது. கஸில்தா சேதியைக் கேட்கிறாள், ஜன்னலருகே நிற்கிறாள், மருத்துவருக்குப் பணம் அனுப்புகிறாள், தான் போகவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடம் தொடங்குகிறாள். மீசைக்காரரின் நடையிலேயே சொன்னாள், நடுவில் ஒரு உபதேசத்தைக்கூடச் சேர்த்தாள், திசையை மட்டும் மாற்றி. நன்றாகவே சொன்னாள். டீச்சராக இருந்தவளுக்குக் கதை சொல்லத் தெரியாதா? கூடம் அசையாமல் கேட்டது, யனெலிஸும் கேட்டாள். நியுர்க்காவின் குரலில் தெம்பு வந்தது.

தெம்பு வந்ததில் ஒன்றை மறந்துவிட்டாள். சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கண்ணும் கையும் இலையில் இருக்கும், காது மட்டும் மேடையில் இருக்கும். வாசிப்புக்காரி எச்சில் விழுங்குவதுகூட அவர்களுக்குத் தெரியும். பக்கம் புரளும் சத்தம் மைக் வழியாகக் கூடமெங்கும் கேட்கும். கேட்டுக் கேட்டுப் பழகி, அது கதையின் மூச்சு போல அவர்களுக்கு. அன்றைக்கு வெகுநேரமாக ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. சுற்றிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒர்தென்சியா தலையை நிமிர்த்தினாள்.

“ஏம்மா, இன்னிக்குப் புஸ்தகத்துல ஒரே பக்கம்தானா?”

நியுர்க்கா சட்டென்று ஒரு பக்கத்தைப் புரட்டினாள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. புரட்டிய சத்தத்துக்கும் அவள் நிறுத்திய இடத்துக்கும் பொருந்தவில்லை என்பது சின்னப் பெண்களுக்குக்கூடப் புரிந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்போது பின்வரிசையில் ஒரு கத்தி தரையில் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வரிசை வரிசையாக. அத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத சத்தம். வெட்கத்தில் அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. யனெலிஸ் தன் கத்தியைப் போடவில்லை. மெதுவாகப் பலகையில் வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் நியுர்க்காவால் தாங்க முடியவில்லை.

சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் ஒஸ்மானி ஓடிவந்தார். இன்றைக்கு இதோடு நிறுத்திவிட்டு இசை போடலாமா என்று கேட்டார். ஒர்தென்சியா அவரைப் பார்க்கக்கூட இல்லை. மேடையைப் பார்த்துத்தான் சொன்னாள், கோபமாக அல்ல, அலுப்பாக.

“எங்களுக்குப் பொய் சொல்றதுக்கு வேற ஆளுங்க நெறைய இருக்காங்க. நீ உள்ளதைப் படி.”

படித்தாள். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், பக்கம் பக்கமாகப் புரட்டி. விளக்கை விற்றாள் கஸில்தா. வண்டி ஏறினாள். கட்டிலருகே மண்டியிட்டாள். தங்கை பக்கம் பார்க்காமல் படித்துக்கொண்டே போனாள் நியுர்க்கா. ஒவ்வொரு வரியும் யனெலிஸின் கையைப் பிடித்து அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறாற்போல இருந்தது அவளுக்கு. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கடைசியில் மீசைக்காரர் எழுதியிருந்தார்: தலை கவிழ்ந்து கிடந்த கஸில்தாவின் உதடுகளில், தன் இடத்தை அடைந்த பெண்ணின் புன்னகை மலர்ந்தது. நியுர்க்கா புத்தகத்தை மூடினாள்.

யாரும் தட்டவில்லை. யாரும் எதையும் தரையில் போடவுமில்லை, போட்டவர்கள் இன்னும் குனிந்து எடுக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அவளுக்குப் போக்கிடம் ஏது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். போக்கிடம் இருந்ததே, பியானோ இருந்ததே என்றாள் இன்னொருத்தி. அப்போதுதான் யனெலிஸ் பேசினாள். கூடத்தில் அவள் குரல் எழுப்பியது அன்றைக்குத்தான் முதல் தடவை என்பார்கள்.

“அவதான் மண்டி போட்டுத் தலையைக் கவுத்துட்டு இருக்காளே. அவ சிரிச்சதை இந்த மீசைக்காரரு எங்கேருந்து பாத்தாராம்?”

அப்புறம் ஒர்தென்சியா குனிந்து தன் கத்தியை எடுத்து, பலகை பிளக்கும்படி தட்டினாள். கூடம் முழுக்கத் தட்டியது, சிரித்தது, கஸில்தாவுக்காகத் திட்டியது. கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டுதான் பார்த்திருப்பார் என்றாள் ஒருத்தி. அந்தத் தட்டல் மேடைக்கு அல்ல, யனெலிஸ் உட்கார்ந்திருந்த மூன்றாம் வரிசைப் பலகைக்கு என்று நியுர்க்காவுக்குத் தெரிந்தது. இந்தப் பெண்ணையா கதையைச் சொல்லி மயக்கிவிடுவார்கள் என்று பயந்தேன் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கூசவும் செய்தது.

அந்த நாட்களில் மத்தியான இடைவேளையில் வெளியே வராமலே இருந்த நியுர்க்கா அன்றைக்கு வாசலுக்கு வந்தாள், ரெய்னியேரைக் காணோம். மதில் காலியாக இருந்தது. யனெலிஸ் தலைத்துணியை உதறிக்கொண்டு வந்து அக்கா பக்கத்தில் நின்றாள். அவன் இனி வரமாட்டான் என்றாள். திரும்பி வருவதாக இல்லை என்று அவனிடம் சொல்லிவிட்டாளாம், நியுர்க்கா தொண்டை வலி என்று படுத்திருந்த அன்றைக்கே. கொஞ்சம் கத்தினானாம். வாசலில் ஒர்தென்சியாவும் இன்னும் நாலு பேரும் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்களாம், கத்தலை நிறுத்திக்கொண்டு போய்விட்டானாம். நியுர்க்கா மதிலில் சாய்ந்துகொண்டாள். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் செத்துச் செத்துப் பிழைத்தேனே என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

“நீ கேக்கவே இல்லையே அக்கா. நான் என்ன பண்ணப்போறேன்னு ஒரு தடவைகூட என்கிட்ட கேக்கலை. புஸ்தகத்துகிட்டப் போய்க் கேட்டிருக்க.”

யனெலிஸ் இன்னொன்றும் சொன்னாள். ஒர்தென்சியா வீட்டுப் பின்பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். குழந்தையோடு அங்கே போகப் போகிறாளாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே. முதலில் கொஞ்ச நாள் கழித்துப் போகலாம் என்றுதான் இருந்தாளாம். இன்றைக்குக் காலையில், பக்கம் புரளாமல் கதை போய்க்கொண்டிருந்தபோது, சீக்கிரம் போவதே நல்லது என்று தோன்றிவிட்டதாம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நியுர்க்காவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டிலை ஒரு பக்கம் தங்கையும் ஒரு பக்கம் இவளும் பிடித்துத் தெருவோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அறை சின்னது. ஜன்னல் மேற்குப் பார்த்தது, பிற்பகலில் வெயில் நேரே குழந்தை மேல் அடிக்கும். தொட்டிலை எந்தச் சுவரோரம் போட வேண்டும், எங்கே திரை கட்ட வேண்டும், அடுப்பை எங்கே நகர்த்த வேண்டும் எல்லாம் நியுர்க்காவின் நாக்கு நுனியில் நின்றன. விழுங்கினாள். அவ்வளவு கஷ்டப்பட்டு அவள் எதையும் விழுங்கியதில்லை. தொட்டிலைக் கையில் பிடித்தபடியே, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள்.

“இதை எங்கடி வைக்கணும்?”

யனெலிஸ் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யோசித்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே, வெயில் விழுகிற இடத்தைத்தான் காட்டினாள். நியுர்க்கா அங்கேயே வைத்தாள்.